கரும்பலகைக்குப் போகும் வழி

பம்பாய் எல்பின்ஸ்டன் பள்ளியில் கணக்குப் போட அம்பேத்கரைக் கூப்பிட்டபோது, கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சோற்றுப் பாத்திரங்களை எடுக்கச் சாதி இந்துப் பிள்ளைகள் ஓடியதை அவர் வாழ்க்கை வரலாற்றில் படிக்கிறோம். பலகைக்கு யார் வருவது என்பது அப்போதே சாதிப் பிரச்சினை.

2022 முதல் நம் அரசுப் பள்ளிகளில் ‘எண்ணும் எழுத்தும்’ நடக்கிறது. ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. திட்டத்தைக் குறை சொல்லவில்லை; பிள்ளைக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கு என்கிறது. ஆனால் பொள்ளாச்சிப் பக்கம் நான் பயிற்சிக்குப் போன பள்ளியில் அரும்பில் உட்கார்ந்திருந்தது பூராவும் வளவுப் பிள்ளைகள். “அதுகளுக்குக் கணக்கு ஏறாதுங்க” என்றார்கள்.

ஏறாதாம்! தேங்காய் உரிப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு, நூறு காய்க்கு இவ்வளவு கூலின்னா முந்நூறுக்கு எவ்வளவுன்னு வாய்க்கணக்கா வருது. எழுதத்தான் வரலை. புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் கூறு வைக்கச் சொல்லி, அதையே பலகையில் எழுத வைத்தேன். மலரிலிருந்து ஒருத்தி எழுந்து வந்து “எப்படிடீ போட்டே?” என்று கேட்டாள். சாக்பீஸ் பிடித்த என் கை நடுக்கம் அன்றைக்குத்தான் நின்றது.

பயிற்சிக்குப் போகும் தோழர்களே, முதல் நாளே குழுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். யார் எந்தத் தெரு என்று பாருங்கள். அரும்பில் இருந்தவர் மொட்டுக்கு எப்போது போனார் என்றும் கேளுங்கள்.