கருப்பட்டி கருப்பாகவே தெரியட்டும்

போன வருசம் ஆனி மாசம். சென்னையில் இருந்து ஒரு அம்மா போன் செய்தார்கள். "ஐயா, வாட்ஸ்அப்ல நீங்க போட்ட படம் வேற, வீட்டுக்கு வந்த கருப்பட்டி வேற. இதை எப்படி நம்பிப் பிள்ளைகளுக்குக் கொடுக்குறது?" என்று கேட்டார்கள். குரலில் கோபம் இல்லை, சந்தேகம்தான் இருந்தது. கோபம் என்றால் பேசிச் சரிசெய்துவிடலாம். சந்தேகம் வந்துவிட்டால் பேசப் பேசக் கூடுமே தவிரக் குறையாது.

நான் அனுப்பியது சுத்தமான சரக்கு. உடன்குடிப் பக்கம் எங்கள் தேரிக்காட்டுப் பனையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுத்தது. பொய் சொன்னது படம்தான். பேரன் எங்கேயோ இணையத்தில் இருந்து இறக்கித் தந்த படம் அது. தேன் நிறத்தில் பளபளவென்று இருந்தது. 'நல்லா இருக்கே' என்று நானும் போட்டுவிட்டேன். யார் காய்ச்சியது, என்ன கலந்தது என்று யாருக்குத் தெரியும்?

வெட்கமாகப் போயிற்று. ஏனென்றால் படத்தை நம்பி ஏமாந்த அனுபவம் எனக்கே உண்டு. வங்கியில் இருந்த காலத்தில், மாட்டுக் கடன் வாங்கியவர்கள் மாட்டோடு நின்று படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒருநாள் கோப்புகளைப் புரட்டும்போது பார்த்தால், நெற்றியில் அதே வெள்ளைச் சுட்டி உள்ள ஒரே பசு மூன்று பேர் கோப்பில் நிற்கிறது! அன்றைக்கு அவர்களைப் பிடித்து ஏசினேன். அதே வேலையைத்தானே நானும் செய்திருக்கிறேன்?

நம் நண்பர்கள் பலரும் இதைச் செய்கிறோம். மரச்செக்கு எண்ணெய்க்கு ஒரு இரவல் படம், முருங்கை இலைப் பொடிக்கு ஒரு இரவல் படம். சொந்தமாக எடுத்தாலும் ஃபில்டர் போட்டுப் பச்சையைக் கூட்டிவிடுகிறோம். இதை நிறுத்தியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. நம் பொருளை நாமே, நம் வீட்டிலேயே, உள்ளது உள்ளபடி படம் எடுக்கப் பழகுவோம்.

"நல்ல சரக்கு தானே பேசும் அண்ணாச்சி, படம் எதுக்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். சந்தையில் பேசும். வாங்குகிறவர் உடைத்துப் பார்ப்பார், நாக்கில் வைத்துப் பார்ப்பார். அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவர் என்ன செய்வார்? எங்கள் தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த காலத்தில், சிப்பியைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருந்தால் யோகம், இல்லையென்றால் போட்ட பணம் போச்சு. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பே நடக்கவில்லை. ஆனால் நம்மிடம் போனில் பொருள் வாங்குகிறவர் இன்றும் திறக்காத சிப்பியைத்தான் வாங்குகிறார். அதைத் திறந்து காட்டத்தான் படம்.

இதற்குப் பெரிய கேமரா வேண்டாம், ஸ்டுடியோ வேண்டாம். நான் செய்வதைச் சொல்கிறேன்.

வெளிச்சம்தான் முக்கால்வாசி வேலை. நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கம் ஒரு மேசையைப் போடுங்கள். காலை எட்டில் இருந்து பத்து மணி நல்ல நேரம். வெயில் நேராக விழுந்தால் ஜன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினால் போதும், ஒளி பரவி மிருதுவாகிவிடும். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சம் ஒரு நிறம், லைட் வெளிச்சம் இன்னொரு நிறம். இரண்டும் கலந்தால் நிழலில் காயவைத்த நல்ல முருங்கைப் பொடிகூடப் பழசு மாதிரித் தெரியும்.

ஒரு வெள்ளை சார்ட் அட்டையைப் பாதி மேசையிலும் பாதி சுவரிலுமாக, மடிப்பு விழாமல் வளைத்து ஒட்டுங்கள். ஜன்னல் வெளிச்சம் பொருளின் பக்கவாட்டில் விழட்டும். அப்போதுதான் சிரட்டை பதிந்த வரிகூடத் தெரியும். எதிர்ப்பக்கம் நிழல் கனமாக விழுந்தால் அங்கே ஒரு தெர்மாகோல் பலகையை நிறுத்துங்கள். அதில் பட்டுத் திரும்பும் ஒளி நிழலைக் குறைக்கும். எங்கள் ஊரில் இதற்குக் காசே கிடையாது. மீன் பெட்டி மூடியை நன்றாகக் கழுவிக் காயவைத்தால் ஆயிற்று.

செல்போன் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். நம் கைப்பிசுக்குதான் பாதிப் படத்தை மங்கலாக்குகிறது. ஃபிளாஷ் வேண்டாம். பொருளின் மேல் முட்டுகிற மாதிரி போனைக் கொண்டுபோனால் உருவம் உப்பித் தெரியும். இரண்டு மூன்று அடி தள்ளி வைத்து, இரண்டு மடங்கு ஜூம் செய்யுங்கள். போனை நாலு புத்தகத்தின் மேல் சாய்த்து வைத்து, மூன்று நொடி டைமர் போட்டால் கை நடுக்கம் தெரியாது.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கம். போனுக்குக் கருப்பும் தெரியாது, வெள்ளையும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரமான சாம்பல் அளவு வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதனால் கருப்பட்டி படத்தை நிறைத்து நின்றால் வெளுத்துப்போகும். நம் உப்பளத்து வெள்ளை உப்பு அழுக்காகத் தெரியும். திரையில் பொருளைத் தொட்டால் பெரும்பாலான போன்களில் ஒரு சூரியன் குறி வரும். கருப்பட்டிக்கு அதைக் கீழே இழுங்கள், உப்புக்கு மேலே தள்ளுங்கள். நான் இதைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆயிற்று. நீங்கள் ஒரே நாளில் பழகிவிடலாம்.

எடுத்த பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் சரிசெய்யலாம், ஓரத்தை வெட்டலாம். நிறத்தைக் கூட்டக் கூடாது. படத்தையும் பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். "இரண்டும் ஒண்ணுதானா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால்தான் அனுப்ப வேண்டும்.

ஒரு பொருளுக்கு நாலு படம் போதும். முழுசாக ஒன்று. உடைத்த முகம் தெரிய ஒன்று, விவரம் தெரிந்தவர்கள் அதைப் பார்த்துத்தான் விலையே பேசுவார்கள். அளவு தெரிய உள்ளங்கையில் வைத்து ஒன்று. எடை, பாக்கெட் போட்ட தேதி, உணவுப் பாதுகாப்பு எண் எல்லாம் தெரியும்படி லேபிள் ஒன்று. சான்று வாங்காமல் 'ஜைவிக் பாரத்' முத்திரையைப் படத்தில் ஒட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். அது சட்டப்படியும் குற்றம். ஒவ்வொரு பருவத்துக்கும் புதுப் படம் எடுங்கள். போன வருசத்துச் சரக்கின் படம் இந்த வருசத்துச் சரக்குக்குச் சாட்சி ஆகாது.

"இப்படி உள்ளதைக் காட்டினால் யார் வாங்குவா? பளபளன்னு இருக்கிறதைத்தானே ஜனம் கேக்குது" என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. படத்தை மாற்றிய பிறகு என்னிடமும் சிலர் கேட்டுவிட்டு வாங்காமல் போனார்கள். கருப்பு கூட, ஒவ்வொரு வட்டும் ஒவ்வொரு அளவு என்று குறை சொன்னார்கள். ஆனால் வாங்கியவர்களில் ஒருவரும் 'படம் வேற, பொருள் வேற' என்று சொல்லவில்லை. முகம் தெரியாதவர்களோடு வியாபாரம் செய்கிறவனுக்கு அதுதான் மூலதனம். நாம் பளபளப்பைக் காட்டிக் காட்டி ஜனங்களைப் பழக்கினால், நாளைக்கு நம் பனையேறி காய்ச்சும் சுத்தமான கருப்பட்டியைத்தான் அவர்கள் போலி என்பார்கள். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இரவல் படத்தைப் போட்டால் பெயரும் இரவலாகிவிடும்.

நம் மாதக் கூட்டங்களில் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கலாமே? ஆளுக்கொரு பொருளும் போனும் கொண்டு வருவோம். இளவட்டங்கள் சொல்லித் தரட்டும், நம் மாதிரி வயதானவர்கள் கற்றுக்கொள்வோம்.

அந்தச் சென்னை அம்மாவுக்கு நடந்ததைச் சொல்லிப் பணத்தைத் திருப்பி அனுப்பினேன். கருப்பட்டியை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னிடம் வாங்கவில்லை. அவர்கள் மேல் குறை இல்லை. இப்போது புதுச் சரக்கு வந்ததும் முதலில் ஜன்னல் பக்கம் மேசையைத்தான் இழுத்துப் போடுகிறேன்.