கரடிக்குளியில இருந்து கரடி பார்க்கப் போன கதை

டிசம்பர் லீவு வந்தா எங்கட பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரே நச்சரிப்புத்தான்: தெஹிவளை சூ. போன முறை ராத்தாட பிள்ளைகள் ரெண்டு பேரும் வாப்பாவை விடவே இல்லை. கடைசியில வேன் ஒன்று பேசி, இடியப்பமும் மாசிச் சம்பலும் கட்டிக்கொண்டு ராவு ரெண்டு மணிக்கு வெளிக்கிட்டோம். எலுவன்குளம் சப்பாத்துப் பாலத்துக்கு மேலால தண்ணி பாயுது என்று கேள்விப்பட்டதால முருங்கன், மதவாச்சி, அநுராதபுரம் என்று சுத்தித்தான் போனோம்.

போய் இறங்கினா கொழும்பிலயும் மழை. சின்னவனுக்குத் தலையில ஷொப்பிங் பேக். குடை ரெண்டு, ஆக்கள் எட்டு. சிங்கம் ஒரு மூலையில சுருண்டு கிடந்தது. கரடியைக் காணவே இல்லை.

"உம்மம்மா, கரடி எங்க?"

"மழைக்குள்ள எந்தக் கரடி மகன் வெளிய வரும்? நாங்கதான் வந்திருக்கோம்" என்றா உம்மா. பிறகு சிரிச்சுக்கொண்டே, "எங்கட ஊருட பேரே கரடிக்குளி. வேன் பேசி இங்க வந்து கரடி தேடுறோம்" என்றா.

மழை விடும்வரைக்கும் ஒரு கூரைக்குக் கீழ ஒதுங்கி நின்றோம். அப்பதான் வாப்பா வாயைத் திறந்தார். அவர் பொடியனா இருந்த காலத்தில பாலைப்பழம் பழுக்கிற மாசத்தில காட்டுக்குள்ள போவாங்களாம். கரடிக்கும் பாலைப்பழம் என்றா உயிர், மரத்தில ஏறியே தின்னும். அதனால முதல்ல மரத்தடியில நின்று மேல பார்க்கோணும். மேல கிளை முறியிற சத்தம் கேட்டா சட்டியை விட்டுட்டு ஓடோணும். பிள்ளைகள் கூட்டுக் கம்பியை மறந்து வாப்பாட வாயையே பார்த்துக்கொண்டு நின்றாங்க. நானும்தான். இருபத்தேழு வயசில இந்தக் கதையை முதல் தரமாக் கேட்கிறேன்.

ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை? அதைத்தான் வரும் வழியெல்லாம் யோசிச்சேன்.

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது வாப்பாவுக்குப் பதினேழு வயது. நான் பிறந்தது புத்தளத்து முகாமில். யுத்தம் முடிந்து திரும்பி வந்தால், ஏறத்தாழ இருபது வருடம் ஆளில்லாமல் கிடந்த காணிகளில் காடு வளர்ந்திருந்தது. துப்புரவாக்கப் போன எங்களுக்கு "வில்பத்துவை அழிக்கிற ஆக்கள்" என்று பேர் வந்தது. 2017 மார்ச்சில் நாற்பதாயிரம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தை மாவில்லு பேணற்காடு என்று வர்த்தமானியில் அறிவித்தார்கள். மறிச்சுக்கட்டியில் சனம் நாள்கணக்கில் வீதியில் குந்தியிருந்தது. மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேணும். கல்லாறு காட்டை அழித்துக் குடியேற்றியது சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எங்கட அரசியல்வாதிகள் செய்ததெல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. இந்தச் சண்டையில எங்கட வீடுகளில் காடு என்ற சொல்லே ஒரு வழக்கு இலக்கம் மாதிரி ஆகிவிட்டது. கரடியும் மானும் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தவை போல. கொழும்பில் ஒருவன் "ஐ லவ் வில்பத்து" என்று டீசேர்ட் போடலாம், நான் போட்டால் நடிப்பு என்பார்கள். அந்தக் கரடியோட ஒரே மரத்தில பழம் பொறுக்கின மனுசனுக்கே இயற்கையைப் பற்றிப் பேச உரிமையில்லை என்ற மாதிரி ஒரு நிலைமை. அதனால அவர் பேசாமலே இருந்துவிட்டார். பிள்ளைகள் மிருகம் என்றால் தெஹிவளை என்று நினைக்கிறார்கள்.

சூ வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒட்டகச்சிவிங்கியை முசலியில எங்க போய்ப் பார்க்கிறது! ஆனா மழைக்காலம் எங்கட பக்கத்தில மிருகங்கள் ஒளியிற காலம் இல்லை. வங்காலைக்குப் போய்ப் பாருங்க. 2008 இல் சரணாலயம், 2010 இல் ராம்சார் ஈரநிலம். வடகீழ் மழையோடு மத்திய ஆசியாவில் இருந்தெல்லாம் ஊசிவால் வாத்துகள் வந்திறங்கும், பூநாரைகள் முழங்கால் தண்ணியில வரிசையா நிற்கும். சிலாவத்துறையில இருந்து ஒரு மணித்தியாலம் கூட ஆகாது. டிக்கெட்டும் இல்லை. எங்கட பாடசாலைகள் சுற்றுலா என்றா ஏன் எப்பவும் தெற்குப் பக்கமே பஸ்ஸைத் திருப்பணும்? ஒரு பெரியாளையும் கூட்டிக்கொண்டு போய், தொலைநோக்கி ஒன்றைக் கையில குடுத்து, அந்தப் பிள்ளைகளை அங்க நிறுத்தலாமே. இது உங்கட நிலம், இதுகள் உங்கட விருந்தாளிகள் என்று யாராவது ஒருத்தர் அவங்களுக்குச் சொல்லியிருக்கோணும்.

திரும்பி வரும்போது பிள்ளைகள் வாப்பாட மடியில தூங்கிட்டாங்க. தூங்க முதல் ஒரு வாக்கு வாங்கிட்டாங்க: பாலை பழுக்கிற நேரம் மரம் காட்டோணும். வாப்பா சரி என்றிட்டார். மதவாச்சி தாண்டினாப் பிறகுதான் மெதுவா என்னட்டச் சொன்னார், அந்த மரங்கள் நிற்கிற இடம் இப்ப எல்லைக்கல்லுக்கு அங்கால என்று.