காளையார்கோயிலில் யாரோடு யார் போரிட்டனர்?

1801-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் காளையார்கோயில் வீழ்ந்தது. தேர்வில் இந்த வரியை எழுதினால் ஒரு மதிப்பெண். மருது சகோதரர்கள் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டு அக்டோபர் 24-ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர் என்று சேர்த்து எழுதினால் இன்னொரு மதிப்பெண். அதற்குமேல் வினாத்தாளும் கேட்பதில்லை, நாமும் கேட்பதில்லை. ஆனால் பாடத்தை முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடும்போது எங்களுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. வெள்ளையர் கடல் கடந்து வந்தவர்கள், எண்ணிக்கையில் குறைந்தவர்கள், காளையார்கோயில் காட்டில் ஒரு தடமும் அறியாதவர்கள். அப்படியிருக்க அந்தக் காட்டை அவர்களுக்காக வெட்டியது யார்? துப்பாக்கி தூக்கி முன்னே நடந்தது யார்? சோறும் மாடும் வண்டியும் கொடுத்தது யார்?

விடை கசப்பானது. கும்பினிப் படையில் வெள்ளைச் சிப்பாய்கள் ஒரு பகுதியே. மற்றவர்கள் சென்னை ராஜதானியில் சம்பளத்துக்குச் சேர்ந்த நம் நாட்டுச் சிப்பாய்கள். அவர்களோடு புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் வந்தார்கள். எட்டயபுரத்தார் வந்தார்கள். எதிரே நின்றவர்களும் நம் மக்களே. ஆகவே காளையார்கோயில் போரை அந்நியரை எதிர்த்த போர் என்று சொல்வதோடு, அது ஓர் உள்நாட்டுப் போர் என்றும் சொல்லியாக வேண்டும் என்பது எங்கள் கருத்து.

உள்நாட்டுப் போர் என்றால் நமக்கு உடனே அமெரிக்கா நினைவுக்கு வரும். 1863 ஜூலை 1 முதல் 3 வரை கெட்டிஸ்பர்க் என்ற சிற்றூரில் வடவரும் தென்னவரும் மோதினர். மாண்டவர், காயமுற்றவர், காணாமற்போனவர் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர். அந்த வயல்வெளியில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட நினைவுக் கற்கள் நிற்கின்றன. வென்ற படைப்பிரிவுக்கும் உண்டு, தோற்ற படைப்பிரிவுக்கும் உண்டு. அண்ணனும் தம்பியும் எதிரெதிர் அணியில் நின்ற போர் அது என்று அந்த நாட்டுப் பிள்ளைகள் கூச்சமின்றிப் படிக்கிறார்கள். நாம் மட்டும் நம் போரை அப்படிப் படிப்பதில்லை.

நம் போரின் கதையைச் சற்று விரிவாகப் பார்ப்போம். 1772-இல் இதே காளையார்கோயிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர், கும்பினிப் படையும் ஆர்க்காட்டு நவாபின் படையும் சேர்ந்து தாக்கியதில் கொல்லப்பட்டார். அவருடைய துணைவியார் வேலு நாச்சியார் சிறு மகளோடு விருப்பாட்சிக்குச் சென்று, ஹைதர் அலியின் உதவி பெற்று, எட்டாண்டுகள் பொறுத்திருந்து 1780-இல் நாட்டை மீட்டார். உடன் நின்றவர்கள் பெரிய மருதுவும் சின்ன மருதுவும். பெண் பிள்ளைகளாகிய நமக்கு வேலு நாச்சியாரின் கதை இனிக்கும். நம் விழாக்களில் அட்டை வாளோடு அவர் தோன்றாத மேடை ஏது? ஆயினும் நாடகம் முடிகிற இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. மருது சகோதரர்கள் அரச மரபினர் அல்லர். அரண்மனைப் பணியில் சேர்ந்து, திறமையால் உயர்ந்து, நாட்டை நடத்தியவர்கள். அவர்கள் கை ஓங்கியிருந்ததை அரச மரபைச் சேர்ந்த சிலர் மனத்தால் ஏற்கவில்லை. அவர்களுள் ஒருவர் படமாத்தூர் கௌரி வல்லப ஒய்யாத் தேவர். மருதிருவரோடு பகைத்து அறந்தாங்கிப் பக்கம் ஒதுங்கியிருந்தவர்.

1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அவர் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். மே 24-இல் அதுவும் வீழ்ந்தபோது காயத்தோடு வந்த ஊமைத்துரைக்கு அடைக்கலம் தந்தவர் சின்ன மருது. கும்பினியாரின் கோபம் இப்போது சிவகங்கை மேல் திரும்பியது.

அந்த வேளையில் சின்ன மருது செய்த செயலை நம் வட்டாரத்து வாசகர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். 1801 ஜூன் 16-ஆம் நாள் அவருடைய அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. நம் திருமானூரைத் தொட்டு ஓடும் கொள்ளிடம்தான் திருவரங்கத்தையும் வளைத்து வருகிறது. அன்று அங்கே அதைப் படித்த வழிப்போக்கர் யாரேனும் ஆற்றங்கரையோடு கிழக்கே நடந்து நம் ஊர்ப்பக்கம் வந்திருந்தால், சந்தையிலோ சத்திரத்திலோ அந்தச் செய்தி பேசப்பட்டிருக்கும் என்று நினைக்க எங்களுக்கு ஆசை. (நம் பகுதியிலும் அரியலூர், உடையார்பாளையம் என்று பாளையங்கள் இருந்தன அல்லவா?)

அந்த அறிக்கை என்ன சொன்னது? பிராமணர், க்ஷத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான்கள் என்று எல்லாரையும் பெயர் சொல்லி அழைத்தது. ஜம்புத்தீவில் வாழும் அனைவருக்கும் என்று எழுதியது. அதாவது சிவகங்கைச் சீமைக்கு மட்டும் அன்று, நாடு முழுமைக்கும். நவாபு மதியின்றி ஐரோப்பியருக்கு இடம் கொடுத்ததையும், நமக்குள் ஒற்றுமை இல்லாததால் நாடு அந்நியர் கையில் விழுந்ததையும் எடுத்துக் கூறியது. கும்பினிப் படையில் சம்பளம் வாங்கும் சிப்பாய்களையும் அது மறக்கவில்லை. ஆயுதத்தைத் திருப்புங்கள் என்று அவர்களையும் கேட்டுக்கொண்டது. எங்களை வியக்க வைத்தது இந்தக் கடைசிச் செய்திதான். எதிர் அணியில் நிற்பவர்களும் தம்மவரே என்பதைச் சின்ன மருது நன்றாக அறிந்திருந்தார். 1801-இல் அவருக்குத் தெரிந்தது நம் குறிப்பேடுகளில் இன்னும் ஏறவில்லை.

ஜூலை இறுதியில் கர்னல் அக்னியூவின் படை சிறுவயலை அடைந்தபோது ஊர் எரிந்து கொண்டிருந்தது. எதிரிக்கு ஒன்றும் கிடைக்கக் கூடாதென்று அவ்வூராரே தீ வைத்துவிட்டார்கள். அங்கிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முனைந்தது கும்பினி. ஆகஸ்டு மாதம் முழுவதும் கோடரிச் சத்தம். வெட்டுகிறவர்கள் மேல் நாள்தோறும் மரங்களின் மறைவிலிருந்து தாக்குதல். ஒரு மாதம் பாடுபட்டும் கோயிலை எட்ட முடியாமல் படை பின்வாங்கியது. பீரங்கி தோற்ற இடம் அது.

பின்னர் செப்டம்பர் 12-ஆம் நாள் சோழபுரத்தில் ஒரு விழா நடந்தது. படமாத்தூர் ஒய்யாத் தேவரை வரவழைத்து, இவரே சிவகங்கைக்கு உரியவர் என்று கும்பினியார் அறிவித்தார்கள். அதுவரை அந்நியனுக்கும் சொந்த நாட்டுக்கும் இடையே இருந்த வழக்கு, அன்று முதல் அரச மரபுக்கும் பணியாளர்க்கும் இடையே உள்ள வழக்காக மாறிவிட்டது. நேற்றுவரை காட்டில் மருதிருவரோடு நின்ற ஒருவன், "நம் அரசர் வந்துவிட்டாரே, இனி எதற்கு?" என்று வீட்டுக்குத் திரும்பலாம், அதில் குற்ற உணர்வும் இருக்காது. அப்படிப் பலர் திரும்பினார்கள். மூன்று வாரத்துக்குள், அக்டோபர் முதல் நாள், பல திசைகளிலிருந்தும் புகுந்த படைகள் காளையார்கோயிலைப் பிடித்தன. ஆகஸ்டில் முடியாதது அக்டோபரில் முடிந்ததற்குக் காரணம் சோழபுரம் என்பதே எங்கள் துணிபு. கோபுரத்தைப் பீரங்கியால் தகர்த்துவிடுவோம் என்று மிரட்டியதால் மருதிருவர் கோயிலை விட்டு வெளியேறினர் என்றும் மக்கள் சொல்லி வருகிறார்கள். தாம் திருப்பணி செய்த கோயிலுக்காக அப்படிச் செய்யக் கூடியவர்கள்தாம்.

இங்கே பெற்றோர் சிலர் எங்களை மறுக்கலாம். "வீரர்களின் தியாகத்தைச் சொல்லுங்கள், நம்மவரின் குறையை ஏன் கிளறுகிறீர்கள்?" என்று கேட்கலாம். ஆனால் நம்மவரின் குறையை நாம் ஏற்கெனவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரே ஒருவர் தலையில் போட்டுச் சொல்கிறோம். 1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படத்துக்குப் பின் "எட்டப்பன்" என்பது தமிழ்நாடு முழுவதும் வசைச் சொல்லாகிவிட்டது. வகுப்பில் ஒருத்தி ஆசிரியையிடம் கோள் சொன்னாலும் எட்டப்பி! எட்டயபுரத்தாருக்கும் பாஞ்சாலங்குறிச்சியாருக்கும் அருங்குளம், சுப்பலாபுரம் என்னும் ஊர்களைப் பற்றிப் பழைய எல்லைத் தகராறு இருந்ததை எத்தனை பேர் அறிவோம்? அது உதவி செய்ததை நியாயப்படுத்தாது, ஆனால் விளக்குகிறது. கும்பினி பகையை உண்டாக்கவில்லை, இருந்த பகையை வாங்கிக்கொண்டது. அதே எட்டயபுரத்தில்தான் 1882-இல் பாரதியார் பிறந்தார். ஓர் ஊரின் பெயரை வசையாக்கும்போது இதையும் நினைக்க வேண்டாமா?

மேலும், உதவியவர் எட்டயபுரத்தார் மட்டுமா? தொண்டைமானுக்குக் கும்பினியார் 1803-இல் கீழாநிலைக் கோட்டையையும் சுற்றுப்புறத்தையும் பரிசாகக் கொடுத்தார்கள். இராமநாதபுரத்தில் சேதுபதி முத்துராமலிங்கர் 1795 முதல் சிறையில். அவருடைய சகோதரி மங்களேசுவரி நாச்சியார் 1803-இல் கும்பினியின் சன்னது பெற்று ஜமீன்தாரிணி. ஒரே குடும்பத்தில் ஒருவருக்குக் காவல், ஒருவருக்குப் பட்டம்! வேலு நாச்சியாரை மேடையேற்றும் நாம் மங்களேசுவரி நாச்சியாரையும் ஒருமுறை மேடையேற்றிப் பார்க்கலாம். அவர் பேசுவதற்கும் சில நியாயங்கள் இருந்திருக்கும். வசனம் எழுதுவது கடினம் என்பதே அதை எழுதிப் பார்ப்பதற்குப் போதிய காரணம்.

எதிரியே எழுதிய சாட்சியம் ஒன்றும் உண்டு. கும்பினிப் படையில் இருந்த வெல்ஷ் என்னும் அதிகாரி 1830-இல் தம் போர் நினைவுகளை நூலாக்கினார். போருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் சின்ன மருதுவிடம்தான் அவர் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றார். சிறுவயல் மாளிகையில் காவலாளிகூட இல்லை, யாரும் உள்ளே போகலாம் என்று எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவரைத் தொடை எலும்பு முறிந்த நிலையில் பிடித்துத் தூக்கில் போட்டதைப் பற்றியும் வருத்தத்தோடு எழுதுகிறார். சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது வயது பதினைந்து. நம் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் வயது. 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு அனுப்பப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்டவர்களில் அவனும் ஒருவன். சிவகங்கையின் பெயரளவு மன்னராக இருந்த வேங்கன் பெரிய உடையத் தேவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். 1818-இல் வெல்ஷ் பினாங்கு சென்றபோது துரைசாமியே அவர் முன் வந்து நின்றான், அடையாளம் தெரியவில்லையாம். குருவின் மகனை, அவன் தன் பெயரைச் சொன்ன பிறகே மாணவன் அறிந்துகொண்டான்.

மருது சகோதரர்களுக்கும் நம் திருச்சபைக்கும் உள்ள தொடர்பை அருட்சகோதரிகள் அறிவார்கள். சருகணித் திருத்தலத்துக்கு அவர்கள் மானியம் அளித்ததாகவும், அங்குள்ள தேர் அவர்கள் கொடை என்றும் அப்பகுதி மக்கள் நன்றியோடு சொல்லி வருகின்றனர். நம் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா ஆலயத்துக்கு அரியலூர் மழவராயர் நிலம் கொடுத்ததாக வழங்கும் வரலாறு போன்றதே இதுவும். கோயில் கட்டியவர், மசூதிக்கும் மாதா கோயிலுக்கும் கொடுத்தவர், எல்லாச் சாதியாரையும் பெயர் சொல்லி அழைத்து அறிக்கை ஒட்டியவர். இன்றோ அக்டோபர் மாதம் வந்தால் அவர் படம் போட்ட சுவரொட்டியில் ஒரு சாதியின் பெயரே பெரிதாக அச்சாகிறது. குருபூசை நாள்களில் அப்பகுதிச் சாலைகளில் காவல்துறையினர் வரிசையாக நிற்க வேண்டியிருக்கிறது. ஒட்டியவருடைய அறிக்கையை ஒட்டுகிறவர்கள் படித்திருந்தால் அந்தச் சுவரொட்டி வேறு விதமாக இருந்திருக்கும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. நம் வகுப்பறையிலேயே, கட்டபொம்மன் எங்கள் ஆள், மருது உங்கள் ஆள் என்று விளையாட்டாகப் பேசுவதை நாங்கள் கேட்டிருக்கிறோம். விளையாட்டுத்தான், ஆனால் பங்கு பிரிப்பது இப்படித்தான் தொடங்குகிறது.

1801 ஜூலை 31-இல் கர்நாடகத்தின் ஆட்சி நவாபிடமிருந்து கும்பினிக்குப் போனது. டிசம்பரில், பாளையக்காரர் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. பாளையங்கள் வரி கட்டும் ஜமீன்களாயின. வேலூர்ச் சிப்பாய்கள் 1806-இல் கிளர்ந்தெழுந்தார்கள். இவ்வளவையும் தீர்மானித்த போருக்கு நம் பாடத்தில் கிடைப்பது அரைப்பக்கம்.

எனவே ஒரு வேண்டுகோள். அடுத்த கல்விச் சுற்றுலாவுக்கு மீண்டும் மகாபலிபுரம் என்று முடிவு செய்யாமல், தெற்கே போகலாம். கொள்ளிடப் பாலம் கடந்து தஞ்சை, புதுக்கோட்டை, திருப்பத்தூர், காளையார்கோயில், சருகணி என்று வழி நேராகவே அமைகிறது. விடியற்காலையில் கிளம்பினால் இருட்டிய பின் திரும்பிவிடலாம். வேண்டுமானால் கட்டுச்சோறு நாங்களே கொண்டு வருகிறோம். திருப்பத்தூரில் தூக்கிலிட்ட இடத்தைப் பார்க்கும் முன்பு புதுக்கோட்டையில் வண்டியை நிறுத்த வேண்டும். திருக்கோகர்ணத்து அருங்காட்சியகத்தில் பழைய ஆயுதங்கள் இருக்கின்றன. தொண்டைமான் நாட்டு மக்களும் நம்மைப்போலத்தான் பேசுகிறார்கள், நம்மைப்போலத்தான் இட்லி சுடுகிறார்கள் என்பதை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு காளையார்கோயில் போகலாம்.