குதிகால் வலியும் சங்கத்தின் கடமையும்

தறி பழுதுபட்டால் சங்கத்துக்கு விண்ணப்பம் வருகிறது. நூலின் தரம் குறைந்தால் புகார் வருகிறது. பம்பு செட் நின்றுபோனால் கடன் கேட்டு மனு வருகிறது. ஆனால் தறியை மிதிக்கும் காலும் வரப்பில் நடக்கும் காலும் பழுதுபட்டால் எந்தக் காகிதமும் வருவதில்லை. நாற்பது வயதைக் கடந்த அங்கத்தினர் ஒருவர் காலையில் பாயை விட்டு எழுந்து முதல் அடியை வைக்கிறார். குதிகாலில் முள் தைத்தாற்போல் வலிக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி நடக்கிறார், வலி சற்றுத் தணிகிறது, வேலைக்குப் போய்விடுகிறார். இவ்வாறே மாதங்கள் கழிகின்றன. பிறகு அவர் கொண்டுவரும் துணியின் அளவு குறைகிறது. உற்பத்திப் பதிவேட்டில் குறைவு தெரிகிறதேயன்றி, அதன் காரணம் தெரிவதில்லை.

சங்கக் கணக்கைத் தணிக்கை செய்யும் ஆய்வாளனுக்கு அங்கத்தினரின் காலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. நாடு முழுவதும் 2009-10-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 43.31 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் தொகை, 2019-20-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 35.22 லட்சமாகக் குறைந்துவிட்டது. இளைஞர்கள் தறிக்கு வருவது அருகிவிட்டது. வடசேரியிலும் இரணியலிலும் இன்று தறியைக் காத்து வருபவர்களில் பெரும்பாலோர் நடுவயதினர். அவர்களில் ஒருவர் கால்வலியால் தறியை விட்டு இறங்கினால், அந்த இடத்தில் அமர வேறொருவர் காத்திருக்கவில்லை. ஆகவே இது வைத்திய விஷயம் மட்டுமன்று. சங்கத்தின் உற்பத்தியைப் பற்றிய விஷயமும் ஆகும்.

இவ்வலி வந்தோர் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கின்றனர். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது ஒன்று. தொழிலையே கைவிட்டு உட்கார்ந்துவிடுவது மற்றொன்று. இரண்டும் நன்மை பயப்பன அல்ல. தொழிலில் நீடித்துக்கொண்டே வலியைத் தீர்த்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. அவ்வழியில் பாதியை அங்கத்தினரும், பாதியைச் சங்கமும் செய்யவேண்டும் என்பதே என் அபிப்பிராயம்.

முதலில் வலியின் காரணத்தைக் காண்போம். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிவரை, உள்ளங்காலின் நெடுகத் தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது. வில்லுக்கு நாண் போல, பாதத்தின் வளைவை அது இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. 40 வயதுக்கும் 60 வயதுக்கும் இடையில், நெடுநேரம் நிற்போருக்கும், உடல் எடை கூடியோருக்கும், கெண்டைக்கால் தசை இறுகியோருக்கும், குதிகால் எலும்பில் அப்பட்டை பற்றியிருக்கும் இடம் நைந்துபோவது சாதாரணம். ஓய்வில் இறுகிய பட்டை முதல் அடியில் திடீரென இழுபடுகிறது. காலையில் வலி மிகுவது அதனால்தான். எக்ஸ்ரே படத்தில் எலும்பு முள் ஒன்று தெரிந்தால் பலர் அஞ்சிவிடுகின்றனர். வலியே அறியாத பலரின் குதிகாலிலும் அத்தகைய முள் உண்டு. அதை அறுத்தெடுத்தால்தான் குணமாகும் என்று எண்ணவேண்டியதில்லை.

நமது தொழில்களில் இந்த நார்ப்பட்டைக்கு இரட்டைச் சோதனை இருக்கிறது. குழித்தறியில் அமர்ந்திருப்பவர் முன்பாதத்தால் மிதிக்கட்டையை நாள் முழுதும் மாறி மாறி அழுத்துகிறார். பிறகு குழியை விட்டு எழுந்து வெறுங்காலுடன் சிமெண்டுத் தரையில் நிற்கிறார். அதுவும் ஒரு ‘முதல் அடி’யே. கன்னிப்பூ, கும்பப்பூச் சாகுபடிகளில் சேற்றில் இறங்குபவருக்குச் சேறு மெத்தைபோல் இருக்கலாம். ஆனால் வரப்பிலும் தார்ச்சாலையிலும் களத்திலும் அவர் கால் கடினமான பரப்பின்மேல் மோதுகிறது. குலசேகரம் பகுதியில் விடியுமுன் ரப்பர் பால்வெட்டச் செல்பவர், மரத்துக்கு மரம் சரிவில் ஏறி இறங்குகிறார். கூலியும் விலையும் பற்றிப் பேசும் நாம், இந்தச் சுமையைப் பற்றிப் பேசுவதில்லை.

இனி, அங்கத்தினர் செய்யவேண்டியது. படுக்கையில் எழுந்து உட்கார்ந்ததும், காலைத் தரையில் வைக்குமுன், வலிக்கும் காலை மறு தொடையின்மேல் போட்டுக்கொள்ள வேண்டும். கால்விரல்களைக் கையால் பிடித்து மேல்நோக்கி வளைத்து, 10 எண்ணும்வரை நிறுத்தவேண்டும். இவ்வாறு 10 முறை, நாளுக்கு 3 வேளை. நெசவாளர் குழியிலிருந்து எழுமுன்னும் இதைச் செய்யலாம். அடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு படியின் விளிம்பில் நின்று, விரல்களின் கீழே சுருட்டிய துண்டை வைத்து, 3 எண்ணுவதற்குள் குதிகாலை உயர்த்தி, 2 எண்ணும்வரை நிறுத்தி, 3 எண்ணுவதற்குள் தாழ்த்தவேண்டும். இதை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். டென்மார்க்கில் 48 நோயாளிகளிடம் இம்முறையைச் சோதித்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. மூன்று மாத முடிவில், நார்ப்பட்டையை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட இவ்வாறு குதிகாலை உயர்த்தித் தாழ்த்தியவர்கள் நல்ல குணம் கண்டனர். ஓராண்டு முடிவில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே நிலையை எய்தினர். எதைச் செய்தாலும் விடாமல் செய்யவேண்டும் என்பதே இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம். இவ்வலி ஒரு வாரத்தில் தீர்வதன்று. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள், கத்தி வைக்காமலே தீர்ந்துவிடும்.

வேலையை எவ்வளவு செய்யலாம் என்பதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. வேலையின்போது இலேசான வலி இருந்து, மறுநாள் காலையில் அது கூடாதிருந்தால் அந்த அளவு தகும். மறுநாள் முதல் அடியில் வலி முன்னைவிட மிகுந்தால், வேலையின் அளவைச் சற்றுக் குறைக்கவேண்டும். முற்றிலும் முடங்கிக் கிடப்பதால் உடல் எடை கூடும், தசை தளரும், வலிக்கு அவை துணைபோகும். நடப்பது கடினமான நாட்களில் சைக்கிள் மிதிக்கலாம், குளத்தில் நீந்தலாம். தேய்ந்து தட்டையான ரப்பர் செருப்பை விட்டு, குதிகால் பக்கம் தடித்து மெத்தென்ற செருப்பை அணியவேண்டும். மருந்துக் கடையில் தாமாகவே வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. குதிகாலில் போடும் ஊசி சில வாரங்களுக்கு ஆறுதல் தரலாம்; அடிக்கடி போட்டால் நார்ப்பட்டையே அறுந்துபோகவும் கூடும்.

நமது முன்னோர் செருப்பின்றி நடந்தனரே, அவர்களுக்கு இவ்வலி இருந்ததா என்று கேட்போர் உளர். அவர்கள் நடந்தது மண்ணில்; நாம் நிற்பது சிமெண்டிலும் ஓட்டுத்தளத்திலும். முன்னோரின் காலை நாம் பெற்றிருக்கிறோம். அவர்களின் தரையைப் பெறவில்லை. செருப்பு அணிவது ஆடம்பரம் என்னும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். மண்வெட்டிக்குப் பிடி எப்படியோ, அப்படியே காலுக்குச் செருப்பு.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். வலி நமக்குப் பகையன்று, காவலாளி என்பதைத் தமிழ்நாட்டில் இருந்துகொண்டே உலகுக்குக் காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்த அவர், 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் சிதைவதற்கு முக்கிய காரணம், உணர்ச்சி அற்றுப்போனபின் வலி தெரியாமல் காயத்தின்மேல் காயம் படுவதே என்பதை அவர் நிலைநாட்டினார். அத்தகையோரின் பாதத்தைக் காக்க, எம்.சி.ஆர். என வழங்கும் மென்மையான நுண்ணறை ரப்பரால் செய்த செருப்புகள் பயன்பட்டன. அதே ஆபத்து இன்று நீரிழிவு நோயாளருக்கு இருக்கிறது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு உண்டு. சூடான செங்கல்லின்மேல் எருக்கிலையை வைத்துக் குதிகாலை ஊன்றி ஒத்தடம் கொடுப்பது நம் ஊர் வழக்கம். உணர்ச்சியுள்ள காலுக்கு அது இதமளிக்கலாம். மரத்துப்போன காலைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். புண் ஆறாமல் காலையே இழக்க நேரிடலாம். ஆகவே பாதத்தில் மரப்பு, புண், வீக்கம், சிவப்பு இருந்தாலும், ஓய்விலும் இரவிலும் வலி ஓயாதிருந்தாலும், எண்ணெயும் ஒத்தடமும் தேடாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும்.

சங்கம் செய்யவேண்டியவை நான்கு. முதலாவது, தறிச் சீரமைப்புக்கு உதவும்போது மிதிக்கட்டையையும் இருக்கைப் பலகையையும் கணக்கில் சேர்க்கவேண்டும். மிதிக்கட்டை அகலமாகவும் விளிம்பு மழுங்கியும் இருந்து, அதன் கயிறு நெசவாளரின் கால் நீளத்துக்கு ஏற்பக் கட்டப்பட்டிருந்தால், முன்பாதத்தின் சுமை பெரிதும் குறையும். இரண்டாவது, நல்ல செருப்புகளை மொத்தமாக வாங்கி அடக்க விலைக்கு வழங்கவேண்டும். உரமும் நூலும் மொத்தமாக வாங்கத் தெரிந்த சங்கங்களுக்கு இது கடினமன்று. பொது நல நிதி உள்ள சங்கங்கள் ஏழை அங்கத்தினருக்குச் செலவில் ஒரு பகுதியை ஏற்கலாம். மூன்றாவது, வருடாந்தரப் பொதுக்கூட்டத்தன்று ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து, அங்கத்தினர் அனைவரின் பாதங்களையும் இரத்தச் சர்க்கரையையும் பரிசோதிக்கச் செய்யவேண்டும். மேல்சிகிச்சைக்கு ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு அருகிலேயே இருக்கிறது.

நான்காவதே முக்கியமானது. உற்பத்தி தொடர்ந்து குறைந்த அங்கத்தினருக்கு நூல் வழங்குவதைக் குறைக்கும் வழக்கம் சில சங்கங்களில் உண்டு. சோம்பலால் குறைந்ததற்கும் நோயால் குறைந்ததற்கும் பதிவேட்டில் வேற்றுமை இல்லை. இதனால்தான் அங்கத்தினர் வலியை மறைக்கின்றனர். மறைத்து மிதிப்பதால் வலி முற்றுகிறது. முடிவில் தறியே நிற்கிறது. மருத்துவரின் சீட்டைக் கொண்டுவருபவருக்கு மூன்று மாதம்வரை நூல் அளவைக் குறைக்காமலும், அதுவரை தார் சுற்றுதல், துணி மடித்தல், தரம் பார்த்தல் போன்ற வேலைகளைக் கொடுத்தும் ஆதரிக்க நிர்வாகக் குழுக்கள் தீர்மானிக்கவேண்டும். இச்சலுகையைச் சிலர் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்னும் அச்சம் ஏற்படலாம். சீட்டும் பதிவும் இருக்கையில் அதைக் கண்டுபிடிப்பது எளிது. இரண்டொருவர் ஏய்ப்பதால் வரும் நஷ்டம் சிறிது. தேர்ந்த நெசவாளர் ஒருவர் தறியை விட்டுப் போவதால் வரும் நஷ்டம் பெரிது.

1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கூட்டுறவுக் கடையைத் திறந்த முன்னோடிகளுள் நெசவாளர் பலர் இருந்தனர். உழைப்பவர் வீட்டுக்குக் கலப்படமற்ற மாவும் வெண்ணெயும் கிடைக்கவேண்டும் என்பதே அவர்களின் முதற்கவலையாக இருந்தது. அங்கத்தினரின் தேகநலம் தங்கள் சங்கத்துக்குப் புறம்பானது என்று அவர்கள் எண்ணவில்லை. நாமும் எண்ணலாகாது. அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் லாபப் பங்கீட்டுக்கு அருகில் இவ்விஷயத்துக்கும் ஓர் இடம் தருமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். கால்வலி உள்ள அங்கத்தினர்கள் அதுவரை காத்திராமல், நாளைக் காலையே முதல் அடி வைக்குமுன் பயிற்சியைத் தொடங்குவார்களாக.