கடல் கடந்து போவது நன்றி வாங்கவா?

மாதாமாதம் பணம் அனுப்பிப் படிக்க வைக்கும் பிள்ளையை முதல்முறை நேரில் பார்க்க ஒருவர் அமெரிக்காவிலிருந்து உகாண்டாவுக்கு விமானம் ஏறினால், உடனே ஒரு கேள்வி வரும்: "அந்த டிக்கெட் காசையும் பிள்ளைக்கே கொடுத்திருக்கலாமே?"

நியாயமான கேள்விதான். ஆனால் 1998-ல் சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை ஒரு விஷயத்தை வெளியிட்டது. அதன் நிருபர்கள் சில பிள்ளைகளுக்கு இப்படிப் பணம் கட்டி, பிறகு நேரில் தேடிப் போனார்கள். மாலி நாட்டில் ஒரு சிறுமி எப்போதோ இறந்துபோயிருந்தாள். அதற்குப் பிறகும் அவள் பெயரில் பணம் வாங்கப்பட்டிருந்தது!

அதற்காக எல்லாமே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. உகாண்டா உட்பட 6 நாடுகளில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், உதவி பெற்ற பிள்ளைகள் ஒரு வருடத்துக்கும் மேல் கூடுதலாகப் படித்திருந்தது தெரிந்தது.

ஆக, போய்ப் பார்ப்பது நல்லதுதான். எதற்காகப் போகிறார் என்பதில்தான் விஷயம். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில், கேமரா எதிரில்... பத்து வயதுப் பிள்ளை என்ன பேசும்? சொல்லிக்கொடுத்தபடி நன்றி சொல்லும். அது பாசமா, பயமா?

போகிறவர் விருந்தாளியாகப் போகட்டும். நோட்டைப் பார்க்கட்டும், வாத்தியாரிடம் பேசட்டும், பிள்ளையோடு பந்து விளையாடட்டும். விளையாட்டு மும்முரத்தில் பிள்ளை நன்றி சொல்லவே மறந்துவிட்டால், டிக்கெட் காசு வீண் இல்லை!