நகைச்சுவைத் தொடர்களும் மூன்று ஷிப்டுகளும்

நகைச்சுவைத் தொடர்கள் பாகத்துக்குப் பாகம் ஏன் சோர்ந்துபோகின்றன என்று நண்பர்களிடையே பேச்சு எழுந்தால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது: எழுதுபவரிடம் சரக்கு தீர்ந்துவிட்டது. இவ்விடை எனக்கு ஒருபோதும் நிறைவளித்ததில்லை. துணுக்குகளுக்குத் தமிழ்நாட்டில் என்றைக்குப் பஞ்சம் வந்தது? சரக்கு தீர்வதே காரணமென்றால், சித்தப்பா எழுபதாவது முறையாகச் சொல்லும் அதே கதைக்கு நம் வீடுகளில் இன்னும் ஏன் சிரிக்கிறோம்? காரணம் வேறிடத்தில் இருக்கிறது. அதை நான் உணர்ந்துகொண்டது திருவொற்றியூரில்.

என் தந்தையார் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஆலையொன்றில் மூன்று ஷிப்டுகளிலும் மாறி மாறி வேலை பார்த்தவர். வாரத்துக்கு ஒரு ஷிப்டு. பகல் ஷிப்டு வாரத்தில் இரவு பத்து மணிக்குமேல்தான் ஆலையை விட்டு வெளியே வருவார். இரவு ஷிப்டு வாரத்தில் ஒன்பது மணிக்கே சோற்றுத் தூக்குடன் கிளம்பிவிடுவார். ஆக, இரவு ஒன்பது மணித் தொடர் எதுவாயினும் மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான் அவருக்கு வாய்க்கும். எங்கள் தெருவில் பாதி ஆண்களின் நிலை இதுவே. காசிமேட்டு விசைப்படகுகளில் போகிறவர்களுக்கு அதுவும் இல்லை. மீன்பிடித் தடைக்காலம் (அப்போது 45 நாள், 2017 முதல் 61 நாள்) வந்தால்தான் அவர்கள் தொடர்ச்சியாக எதையும் பார்க்க முடியும். பெண்கள் பார்த்திருப்பார்களே எனலாம். குடிநீர் லாரியின் சத்தம் கேட்டால் எவ்வளவு பெரிய தொடரும் பாதியில் நின்றுவிடும் என்பதை அப்பகுதியில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

இத்தகைய ஊருக்கு வாராந்திர நகைச்சுவைத் தொடர் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்தியது. ஏனெனில் அதற்கு மறக்கத் தெரியும். சென்ற வாரம் கணவனும் மனைவியும் எவ்வளவு சண்டையிட்டிருந்தாலும் இந்த வாரம் அதே நாற்காலியில் அமர்ந்து புதிதாகத் தொடங்குவார்கள். நாகா இயக்கத்தில் 1998-இல் வந்த 'ரமணி வெர்சஸ் ரமணி'யை அப்பா அப்படித்தான் ரசித்தார். இடையில் என்ன நடந்தது என்று அவர் கேட்டதே இல்லை. இரண்டாம் பாகத்தில் மனைவியாகத் தேவதர்ஷினி வந்தார். முகம் மாறியதை எங்கள் வீட்டில் யாரும் பெரிதுபடுத்தவில்லை. அந்த வீடும் அந்தச் சச்சரவும் இருந்தால் போதுமானதாக இருந்தது.

1999 இறுதியில் 'சித்தி' வந்தது. 2002-இல் 'மெட்டி ஒலி'. தினமும் அரை மணி நேரம், நேற்றைய கண்ணீரின் தொடர்ச்சியாக இன்றைய கண்ணீர். அவற்றை நான் பழிக்கவில்லை. அது வேறு கலை. ஆனால் நகைச்சுவைத் தொடர்களுக்கும் அந்த நினைவு நோய் தொற்றிக்கொண்டது என்பது என் எண்ணம். பெயர் கிடைத்துவிட்ட தொடர், தன் மாந்தருக்குத் திருமணம் செய்துவைக்கிறது, சீமந்தம் நடத்துகிறது, காணாமற்போன மாமாவைத் திரும்ப அழைத்து வருகிறது. இடைவிடாது பார்த்தவர்களுக்கு இது விருந்தாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் 'ஃபிரண்ட்ஸ்' 1994 முதல் 2004 வரை பத்துப் பருவங்கள் ஓடியதற்கு யார் யாரை மணப்பார் என்ற கேள்வியும் உதவியிருக்கும். ஆனால் நினைவு, உள்ளே இருப்பவர்களைக் கட்டிப்போடும்போதே வெளியே நிற்பவர்களுக்குக் கதவைச் சாத்திவிடுகிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருகிறவர், 'இவள் யார், எப்போது வந்தாள்?' என்று இரண்டு முறை கேட்பார். மூன்றாவது முறை கேட்கமாட்டார். பாயை விரித்துப் படுத்துவிடுவார்.

'செயின்ஃபெல்ட்' தொடரை உருவாக்கியவர்களுள் ஒருவரான லாரி டேவிட் வைத்திருந்த விதி இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது: எவரும் எவரையும் கட்டித்தழுவக் கூடாது, எவரும் எதையும் கற்றுக்கொள்ளக் கூடாது. ஒன்பது பருவங்களுக்குப் பின், 1998-இல், முதலிடத்தில் இருக்கும்போதே அத்தொடர் முடிந்தது. ஆகவே தேய்வது விதியன்று.

இன்னொரு தேய்வும் உண்டு. 'சிம்ப்சன்ஸ்' தொடரின் பக்கத்து வீட்டுக்காரரான நெட் பிளாண்டர்ஸ் தொடக்கத்தில் வெறும் நல்ல மனிதர், சற்றே பக்திமான். பருவங்கள் செல்லச் செல்ல அந்தப் பக்தி மட்டும் ஊதிப் பெருத்து, மனிதர் காணாமற்போனார். இந்நோய்க்கு அங்குள்ள ரசிகர்கள் அவர் பெயரையே சூட்டிவிட்டார்கள். கைதட்டல் எந்த இடத்தில் விழுந்ததோ அந்த இடத்தையே எழுத்தாளர் மறுபடி மறுபடி தட்டுவதால் வருவது இது.

நம் தொடர்களில் இந்நோய்க்கு முதலில் பலியானது, வருத்தத்துடன் சொல்கிறேன், எங்கள் பேச்சு. அந்த வரவேற்பறை எப்போதும் மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ இருப்பது போலவே தோன்றும். வேலைக்காரியோ ஆட்டோக்காரரோ ரவுடியோ கதவைத் தட்டினால்தான் வடசென்னை உள்ளே வரும். வந்ததும் 'கஸ்மாலம்', 'பேமானி', 'சோமாறி' என்று மூன்று சொற்களை உதிர்த்துவிட்டுப் போய்விடும். (கஸ்மாலம் கீதையில் கண்ணன் வாயில் வரும் வடசொல் என்பதை அந்த எழுத்தாளர்கள் அறிந்திருந்தார்களோ என்னவோ.) முதல் பாகத்தில் நாங்களும் சிரித்தோம். நம் பேச்சு தொலைக்காட்சியில் கேட்கிறதே என்ற மகிழ்ச்சியும் அதில் கலந்திருந்தது. அதே மூன்று சொற்கள் ஐந்தாம் ஆண்டிலும் வந்தபோதுதான், அந்த ஆள் தேரடியிலோ டோல்கேட்டிலோ வசிக்கும் மனிதன் அல்லன், ஒரு ஒலிநாடா என்று புரிந்தது. தண்டையார்பேட்டையில் ஒரு ஆட்டோக்காரர் தன் மகளின் பள்ளிக் கட்டணத்தைப் பற்றிப் பேசும் நேர்த்தியை அவர்கள் ஒருமுறை நின்று கேட்டிருந்தால் பத்து ஆண்டுக்குச் சரக்கு கிடைத்திருக்கும்.

விஜய் தொலைக்காட்சியில் ராம்பாலா இயக்கிய 'லொள்ளு சபா' எங்கள் பக்கத்தில் நீண்ட நாள் தாக்குப்பிடித்ததை இந்த இரண்டையும் கொண்டே விளங்கிக்கொள்கிறேன். இலக்கணப்படி அது குடும்ப நகைச்சுவைத் தொடர் அன்று. திரைப்படங்களைக் கேலி செய்யும் நிகழ்ச்சி. வாரம் ஒரு படம், ஆதலால் நினைவுச் சுமை கிடையாது. மனோகரின் அந்தக் கையசைவு எல்லா வாரமும் ஒன்றுதான், ஆனால் ஆள் ஒவ்வொரு வாரமும் வேறு. ஒரு வாரம் அப்பா, மறு வாரம் தாதா. பேச்சோ பெரும்பாலும் எங்கள் தெருப் பேச்சு, கதாநாயகன் முதல் கூட்டத்தில் நிற்பவன் வரை. கதவைத் தட்டிவிட்டு வரவேண்டிய நிலை அதற்கில்லை. சந்தானம் திரைப்படத்துக்குப் போய் ஜீவா முன்னுக்கு வந்தபோது சிலர் முணுமுணுத்தார்கள். அப்பா முணுமுணுக்கவில்லை. அவருக்கு அது தெரியவே இரண்டு மாதம் ஆயிற்று என்பது வேறு விஷயம்.

ஓய்வு பெற்றுவிட்ட அவர் இப்போது மாலைகளில் திண்ணையில் உட்கார்ந்து, பேரனின் கைப்பேசியில் அதே 'லொள்ளு சபா'வைத்தான் பார்க்கிறார். எந்த வாரத்தது, எந்த ஆண்டினது என்று அவர் கேட்பதில்லை. கைப்பேசி எதை நீட்டுகிறதோ அதைப் பார்த்துச் சிரிக்கிறார். பக்கத்து வீட்டில் இன்னும் ஷிப்டு வேலைக்குப் போகும் இளைஞர் ஒருவர் இருக்கிறார். கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் அவரும் வந்து அருகில் உட்காருகிறார்.