வருஷநாட்டுக் காடும் வைகை நீரும்

ஆண்டிபட்டிக்குத் தெற்கேயுள்ள வருஷநாட்டு மலைகளிலே பிறக்கிறது வைகை. மதுரை முதல் இராமநாதபுரம் வரையில் லட்சக்கணக்கான ஜனங்கள் அதை நம்பி வாழ்கின்றனர். 1959-ல் ஆண்டிபட்டிக்கருகே திறக்கப்பட்ட அணைக்குப் பெரியாற்று நீரும் வந்து சேருகிறதென்பது மெய்யே. ஆனால் மூல வைகைக்கோ மலைக்காட்டைத் தவிர வேறு கதியில்லை. மழையை வேரிலே தாங்கி மெல்ல விடுவது காடு. அது அழிந்தால் மாரியில் வெள்ளமும் கோடையில் வெறும் மணலுமே மிஞ்சும்.

2021-ஆம் வருஷம் ஏற்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தை இந்த நோக்கிலேயே நாம் வரவேற்கிறோம். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான அக்காட்டில் புலி பிழைத்தால் மானும் மரமும் பிழைக்கும், ஆறும் பிழைக்கும்.

எனினும், "புலிக்கு இடமளிக்க ஏழையை விரட்டுவதா?" என்று வருஷநாட்டுக் குடியானவர்கள் கேட்பதை அலட்சியம் செய்வது தகாது. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு வழி காட்டுகிறது. ஆனால் பழங்குடியல்லாதார், 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். பட்டாவறியாத ஏழை அதற்குச் சாட்சியம் தேடி எங்கே போவான்? ஊர்ப் பெரியோரின் வாக்குமூலமும் சாட்சியமாகுமென்று விதிகள் கூறுகின்றன. அதை எழுதி வாங்கிக் கிராம சபையின் முன் வைக்க உதவுவோர்தாம் வேண்டும். மேடையில் முழங்கும் நம் தேச ஊழியர்கள் இந்த வேலைக்கு முன்வருவார்களா? உரிமைகளைத் தீர்மானிக்குமுன் எவரையும் அகற்றலாகாது. அதேபோல், உரிமையின் பெயரால் புதிதாகக் காட்டை வெட்டுவோரை நாம் ஒருக்காலும் ஆதரியோம்.

காட்டைக் காப்பது துப்பாக்கி ஏந்திய சிப்பந்திகளால் மட்டும் ஆகிற காரியமன்று. குமுளிக்கப்பாலுள்ள பெரியாற்றுக் காப்பகத்தைப் பாருங்கள். அங்கே மரப்பட்டை திருடிப் பிழைத்தவர்களையே 1990-களின் பிற்பகுதியில் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆக்கினார்கள். திருட்டு வழியை அறிந்தவனே திருட்டைத் தடுக்கவும் வல்லவன் என்பது ருசுவாயிற்று.

வருஷநாட்டிலும் இது ஏன் கூடாது? தேன் எடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்த பளியர், யானையின் தடத்தையும் ஊற்றின் இருப்பையும் எந்த அதிகாரியினும் நன்கறிவர். அவர்களையும் மலையடிவாரத்து வாலிபர்களையும் தற்காலிகக் கூலிகளாக அன்றி, நிலையான சம்பளமுள்ள வன ஊழியர்களாக அமர்த்த வேண்டும். அப்பொழுது அவர்கள் இயற்கையோடு கொண்ட உறவும் அறாது, ஜீவனமும் கெடாது.

காட்டையும் குடியானவனையும் எதிரிகளாக்குகிற ராஜதந்திரம் இரண்டையும் இழக்கும். சர்க்கார் முதலில் உரிமைகளைத் தீர்க்கட்டும். பிறகு அந்த ஜனங்களின் கையிலேயே காவலை ஒப்புவிக்கட்டும். வைகையின் நீரை உண்ணும் ஒவ்வொருவரும் இதைக் கேட்கக் கடமைப்பட்டவரே.